பழைய கண்ணாடிப் பொருள்களும் அவற்றை அறியும் முறையும்

வெண்கலப் பானையையும் செப்புக் குடத்தையும் எவரும் எளிதில் தெருவில் எறிந்துவிடார். எடைக்குப் போட்டாலும் நல்ல காசு கிடைக்கும் என்பது யாவரும் அறிந்ததே. கண்ணாடிப் பொருளின் கதியோ வேறு. விளிம்பு சிறிது சிதைந்தாலும், நிறம் மங்கினாலும், வீடு மாறும்போது பெட்டியில் இடம் போதாவிட்டாலும், முதலில் வெளியேறுவது அதுவே. மாற்றல் உத்தரவைக் காணாத வீடு நம் காலனியில் இல்லை. ஆகவே கபாடிக்காரரின் சாக்கிலே போய் விழுந்த கண்ணாடிப் பொருள்களுக்கும் கணக்கில்லை.

சென்ற நவராத்திரியில் காலனி வீடொன்றிற்குக் கொலு காணச் சென்றிருந்தோம். படியின் ஓரத்தில் ஒரு பூச்சாடி இருந்தது. உடலெங்கும் மீனுருவம், மேலே பொன்னிறப் பளபளப்பு, இடையிடையே பனி படர்ந்தாற்போன்ற மங்கல். அவ்வீட்டு மூதாட்டியார் அதை நாம் உற்று நோக்குவதைக் கண்டு, “தம்பி, நான் குடித்தனம் பண்ண வந்த புதிதில் அவர் ரயிலில் வரும்போது வாங்கி வந்தது. கொலு முடிந்ததும் கபாடிக்காரனிடம் போடப்போகிறேன் என்கிறான் பிள்ளை” என்றார். மகனும் அருகிலேயே நின்றார். “பாட்டில் விலைகூடப் பெறாது, ஸார்” என்பது அவர் கட்சி.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. நம் அலுவலக நண்பர் ஒருவர் பூஜை போனஸில் பெரும்பகுதியைக் கொடுத்து, நகரத்துக் கடையொன்றில் ‘நூறாண்டுப் பழமையான பெல்ஜியம் கட் கிளாஸ்’ என்று கூறி விற்ற கிண்ணத்தை வாங்கி வந்தார். அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தோம். பட்டைகளுக்குக் குறுக்கே மயிரிழை போன்ற பொருத்து வரை ஓடியது. நண்பரின் முகம் வாடியதை விவரிக்க வேண்டுவதில்லை.

ஒருவர் உள்ளதன் அருமை அறியாமல் இழக்க இருந்தார். மற்றவர் இல்லாத அருமையை விலைக்கு வாங்கினார். இருவருக்கும் வேண்டியிருந்த அறிவு ஒன்றே. கண்ணாடிக்குச் சாசனமில்லை, பெரும்பாலும் முத்திரையும் இல்லை. ஆயினும் தன்னை எவ்வாறு செய்தனர் என்பதை அது தன் உடலிலேயே தாங்கி நிற்கிறது. கல்லூரி வாசலை மிதியாத நாம், பார்சல் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிகளோடு ஆண்டுகள் பல பழகியும், கிடைத்த நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை அன்பர்களுக்கு இங்கே கூற முற்படுகிறோம்.

மணலும் சாம்பலும்

கண்ணாடியின் மூலப்பொருள் மணல். மணல் தனியே உருகுவதற்குச் சுமார் 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பண்டை உலைகள் அவ்வெப்பத்தை எட்டவில்லை. சோடா உப்பையோ தாவரச் சாம்பலையோ மணலோடு சேர்த்தால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகும் என்று கண்டதே இத்தொழிலின் தொடக்கம். சுண்ணாம்பு சேராத கண்ணாடி நாளடைவில் நீர் பட்டுக் கெடும். ஆதலின் சுண்ணாம்பும் மூன்றாவது சரக்காயிற்று.

மணலில் கலந்துள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சைச் சாயலைத் தருகிறது. அதைப் போக்க மாங்கனீசைச் சிறிதளவு சேர்ப்பர். அத்தகைய கண்ணாடி நெடுங்காலம் வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா நிறம் ஏறும். கோபால்ட்டு நீலத்தைத் தரும். செம்பு, சேர்க்கும் முறைக்கேற்பப் பசுநீலத்தையும் சிவப்பையும் தரும். பொன்னோ மாணிக்கச் செம்மையைத் தரும்.

சுமார் கி.மு. 1500 அளவிலேயே மெசொப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் கண்ணாடிக் கலங்கள் செய்தனர். கம்பியின் நுனியில் களிமண்ணும் சாணமும் கலந்த கருவை உருட்டி, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறியபின் உள்ளிருந்த கருவைச் சுரண்டி எடுத்துவிடுவர். ஒரு சிறு தைலக் குப்பிக்கே இவ்வளவு பாடு! கண்ணாடி அந்நாளில் அரசர்க்கும் செல்வர்க்கும் உரிய பொருளாக இருந்ததில் வியப்பில்லை.

மணியின் துளை கூறும் செய்தி

நம் தமிழகக் கரைக்கும் இவ்வரலாற்றில் சிறப்பான இடமுண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ரோமானிய வாணிகத்தின் தடயங்களோடு மணித்தொழிலின் தடயங்களும் அவ்வூரில் கிடைத்துள்ளன. அங்கே செய்யப்பட்ட சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளின் வகை கடல் கடந்து தென்கிழக்காசியா வரை பரவியிருக்கிறது. ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவ்வகைக்கு ‘இந்தோ–பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார்.

அம்மணிகளை ஒவ்வொன்றாகச் செய்யவில்லை. உருகிய கண்ணாடித் திரளை இரும்புக் குழாயின் நுனியில் ஏற்றி, உள்ளே துளையமைத்து, கொக்கியால் பற்றி நீளமான குழலாக இழுப்பர். ஆறிய குழலைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாம்பலோடு சேர்த்துச் சூடேற்றினால் வெட்டிய முனைகள் மழுங்கி மணிகளாகும். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நம் காலம் வரை நிலைத்து வந்திருக்கிறது.

இழுத்த மணியை அறிவது எளிது. பூதக்கண்ணாடி ஒன்று போதும். இழுத்துச் செய்த மணியில் குமிழிகளும் கோடுகளும் துளை செல்லும் திசையிலேயே நீண்டு கிடக்கும். கம்பியின்மேல் சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி வளைந்து செல்லும். பாட்டியின் பழைய மணிமாலை எவர் வீட்டிலேனும் இருப்பின், வெளிச்சத்தில் பிடித்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஊதிய கலமும் அடியிலுள்ள தழும்பும்

கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா–பாலஸ்தீனப் பகுதியில் ஒரு பெரும் புதுமை நிகழ்ந்தது. குழாயின் நுனியில் கண்ணாடிக் குழம்பை எடுத்து வாயால் ஊதினால் அது குமிழியாக விரியும் என்று கண்டனர். பலநாள் வேலை சில நிமிடங்களில் முடியலாயிற்று. ரோமப் பேரரசில் எளிய குடிகளும் கண்ணாடிக் கிண்ணத்தில் அருந்தும் நிலை அதனாலேயே உண்டாயிற்று.

வெனிஸ் குடியரசு தீவிபத்துக்கு அஞ்சி, 1291இல் தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. அங்கே பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஞ்சலோ பரோவியர் பளிங்கை ஒத்த நிறமற்ற கண்ணாடியைச் செய்து புகழ்பெற்றார்.

ஊதிய கலத்தின் வாயைச் சீர்செய்ய வேண்டுமானால் அதை ஊதுகுழலிலிருந்து பிரிக்க வேண்டும். அப்போது பிடித்துக்கொள்ள, கலத்தின் அடியில் மற்றோர் இரும்புக் கம்பியை ஒட்டவைப்பர். வேலை முடிந்ததும் கம்பியைத் தட்டிப் பிரிப்பர். பிரித்த இடத்தில் கரடுமுரடான தழும்பு நிற்கும். உயர்ந்த கலமாயின் அத்தழும்பைச் சாணை பிடித்து வழவழப்பான சிறு குழியாக்கியிருப்பர். ஆகவே எந்தக் கண்ணாடிப் பொருளையும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். தழும்போ குழியோ இருப்பின் அது கைவேலை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடியைக் கவ்விப் பிடிக்கும் கருவிகள் வந்தமையால் பல தொழிற்சாலைகளில் இத்தழும்பு மறைந்தது. இன்றும் கையால் ஊதுவோர் உள்ளனர். ஆதலின் தழும்பை மட்டும் கண்டு ‘பழமை’ என்று முடிவுகட்டலாகாது.

பட்டை தீட்டிய ஈயக் கண்ணாடி

1674இல் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்பார் ஒரு புதிய கண்ணாடிக்கு உரிமை பெற்றார். அதன் தயாரிப்பில் ஈய ஆக்சைடு சேர்ந்தது. ஈயக் கண்ணாடி கனமானது; ஒளியை மிகுதியாகச் சிதறி வைரம்போல மின்னுவது; சாணைக்கு எளிதில் இணங்குவது. மணலும் நீரும் சொட்டச் சுழலும் இரும்புச் சக்கரத்தில் முதல் வெட்டு, பிறகு கற்சக்கரம், இறுதியில் மரச்சக்கரத்தில் மெருகு. இவ்வாறு ஒவ்வொரு பட்டையும் ஒரு தொழிலாளியின் கைப்பட உருவாயிற்று.

இந்திய அரண்மனைகளில் தொங்கிய சரவிளக்குகளில் பல இவ்வகையின. பர்மிங்காமில் 1807இல் தொடங்கிய ஆஸ்லர் நிறுவனம் 1840களில் கல்கத்தாவிலேயே விற்பனை நிலையம் திறந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் அந்நிறுவனம் நிறுத்திய கண்ணாடி நீரூற்று 27 அடி உயரமும் சுமார் 4 டன் எடையும் உடையது. குவாலியரில் 1874இல் எழுந்த ஜெய்விலாஸ் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் இரண்டு பெருஞ்சரவிளக்குகளை இன்றும் காணலாம். ஒவ்வொன்றும் சுமார் 3½ டன் எடை என்றும், கூரை தாங்குமா என்றறிய அதன்மேல் யானைகளை ஏற்றிச் சோதித்தனர் என்றும் அங்கே கதை கூறுவர். விடுமுறை பாஸில் தெற்கே செல்லும் நம்மவர் குவாலியரை ரயில் சன்னலோடு கடந்துவிடாமல் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது நன்று.

ஈயக் கண்ணாடியை அறிய மூன்று சோதனைகள் உள. கையில் எடுத்தால் உருவத்துக்கு மிஞ்சிய கனம் தெரியும். வாயகன்ற கிண்ணமாயின் விளிம்பை விரலால் மெல்லச் சுண்டினால் மணிபோல ஒலி நீண்டு நிற்கும். பட்டைகளின் முனையைத் தடவினால் கூர்மை உறுத்தும். இருபதாம் நூற்றாண்டில் அமிலத்தில் தோய்த்து மெருகேற்றும் முறை பரவியபின் செய்தவற்றில் இக்கூர்மை சற்றுக் குறைந்திருக்கும்.

அச்சில் அழுத்திய கண்ணாடி

பட்டை தீட்டிய கலத்தின் விலை எளியோர்க்கு எட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது 1820களில் அமெரிக்காவில் வளர்ந்த அழுத்து அச்சு முறை. இரும்பு அச்சினுள் குழம்பை ஊற்றி மேலிருந்து உலக்கை போன்ற தண்டால் அழுத்தினால், வெளியே அச்சின் சித்திரமும் உள்ளே வழவழப்பும் அமைந்த கிண்ணம் உடனே கிடைக்கும். பட்டை தீட்டியதுபோன்ற தோற்றம். விலையோ அதில் மிகச் சிறு பங்கு.

நண்பரின் கிண்ணம் இவ்வகையைச் சேர்ந்ததே. அச்சின் பகுதிகள் சேரும் இடத்தில் பொருத்து வரை விழும். பட்டையின் முனைகளும் உருகி மழுங்கியிருக்கும். இவ்விரண்டையும் விரலே கண்டுவிடும்.

அச்சிலே வாயால் ஊதிச் செய்வதும் ஒன்றுண்டு. அதை வேறுபடுத்தி அறிய விரலை உட்புறத்தில் விட வேண்டும். வெளியே மேடான இடம் உள்ளே பள்ளமாக இருப்பின் அது அச்சில் ஊதியது. வெளியே எத்தனை சித்திரம் இருந்தாலும் உள்ளே ஒரே சீராக இருப்பின் அது அழுத்தியது.

அழுத்து அச்சுப் பொருளாயினும் பழையதாக இருக்கலாம். 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவு செய்த வடிவங்களுக்கு வைர வடிவக் குறியொன்று இட்டனர். அதன் உச்சியிலுள்ள சிறு வட்டத்தில் ரோமன் எண் மூன்று இருப்பின் கண்ணாடி வகுப்பென்று பொருள். 1884 முதல் அக்குறி நீங்கி, ‘ஆர்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகளும் வரிசை எண்ணும் வந்தன. இவை காட்டுவது வடிவத்தைப் பதிந்த நாளையே. பொருள் அதற்குப் பின்னரும் பல்லாண்டு செய்யப்பட்டிருக்கலாம். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று பொறித்த ஜாடியை ‘இருநூறாண்டுப் பழமை’ என்று எவரேனும் விற்க வந்தால் நகைத்துவிட்டு நகரலாம். அந்நாடு தோன்றியதே 1918இல். 1992ஆம் ஆண்டு முடிவோடு அது இரண்டாகப் பிரிந்தது.

பொன்மினுக்கும் பிரோசாபாத்தும்

இனி மூதாட்டியாரின் மீன்சாடிக்கு வருவோம். அமெரிக்காவின் வில்லியம்ஸ்டவுன் நகரில் ஃபென்டன் என்ற தொழிற்சாலையார் 1908ஆம் ஆண்டையொட்டிப் புதியதொரு சரக்கை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அச்சிலிருந்து எடுத்த கலம் சூடாக இருக்கும்போதே அதன்மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால், மயிற்கழுத்துப்போலவும் எண்ணெய் படிந்த நீர்போலவும் பல நிறம் காட்டும் மெல்லிய படலம் உண்டாகும். டிஃபானி முதலியோர் பெருவிலைக்கு விற்ற பளபளப்பை எளியோர் வீட்டுக்குக் கொண்டுவந்தது இதுவே. திருவிழாப் பந்தயங்களில் பரிசாகக் கொடுத்த சரக்கென்று கருதிப் பிற்காலத்தார் இதற்குக் ‘கார்னிவல் கண்ணாடி’ என்று பெயரிட்டனர்.

இம்முறை நம் நாட்டிலும் வேரூன்றியது. நம் இருப்புப் பாதையில் துண்ட்லாவுக்கும் ஷிகோஹாபாதுக்கும் இடையிலுள்ள பிரோசாபாத் என்றால் வளையல் ஊர் என்பதே நம் பெண்மக்கள் அறிந்தது. சுழலும் கம்பியின்மேல் கண்ணாடி இழையைச் சுருளாகச் சுற்றி, நெடுக வெட்டி, முனைகளைச் சுடரில் ஒட்டி வளையலாக்கும் ஊர் அது. அவ்வூரில் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலை பொன்மினுக்கு ஏற்றிய தம்ளர்களையும், மீன், யானை, கை முதலிய வடிவங்கள் கொண்ட பூச்சாடிகளையும் செய்தது. தம்ளர்கள் சிலவற்றில் ‘ஜெயின்’ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் புடைத்து நிற்கும். இன்று அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடிப் பிடித்து வாங்கிப் பேணுகின்றனர்.

அவ்வீட்டுச் சாடியைக் கையில் வாங்கினோம். பெயரில்லை. அடியில் கம்பித் தழும்பும் இல்லை. பக்கங்களில் பொருத்து வரை இருந்தது. உள்ளே விரலைவிட்டோம், மீனின் உடல் உள்ளே பள்ளமாகத் தட்டுப்பட்டது. ஆகவே அச்சில் ஊதியது. மேலே தெளித்த மினுக்கு. வாங்கியதோ ரயிலில் வரும்போது. பிரோசாபாத்துச் சரக்கு என்றே கொள்ளத்தக்கது என்று கூறினோம். மகன் வியப்போடு, “அப்படியானால் விலை பெறுமா, ஸார்?” என்றார். மூதாட்டியார் சிரித்துக்கொண்டே, “விலையைக் கேட்கிறானே தவிர, அப்பா எந்த ஸ்டேஷனில் இறங்கி வாங்கினார் என்று ஒருநாளும் கேட்டதில்லை” என்றார். மகன் பதில் பேசவில்லை.

சில எச்சரிக்கைகள்

கண்ணாடியினுள் குமிழியிருந்தால் பழையது என்பர் சிலர். அது தவறு, இன்றைய கைவேலையிலும் குமிழியுண்டு. வேண்டுமென்றே குமிழி விடுவோரும் உண்டு. அடியில் படிந்த தேய்மானமே நல்ல சான்று. பல்லாண்டு அலமாரியில் நகர்த்தி வைத்த பொருளின் அடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், பல திசைகளில் மெல்லிய கீறல்கள் பரவியிருக்கும். எல்லாக் கீறலும் ஒரே திசையிலோ, தரையைத் தொடாத இடத்திலோ இருப்பின் உப்புத்தாள் வேலை என்று ஐயுறலாம்.

மஞ்சட்பச்சைக் கண்ணாடி சிலவற்றில் யுரேனியம் கலந்திருக்கும். 1830களில் பொஹீமியாவில் பரவிய வழக்கம் இது. புற ஊதா விளக்கின்கீழ் அது பச்சையாக ஒளிரும். ஆனால் அதுவும் பிற்காலத்திலும் செய்யப்பட்டமையால், ஒளிர்வது மட்டும் வயதைக் கூறாது. ஒரு சான்றை நம்பாமல் அடி, விளிம்பு, உட்புறம், கனம், தேய்மானம் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

பழைய பொருளைக் கழுவும்போது கொதிநீர் கூடாது. திடீர் வெப்பம் பட்டால் கண்ணாடி வெடிக்கும். பொன்மினுக்கின்மேல் சாம்பலோ கரகரப்பான பொடியோ இட்டுத் தேய்த்தால் மினுக்கு போய்விடும். வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும்.

நாம் செய்யத்தக்கது

பிரோசாபாத்தின் உலைகளில் நெடுங்காலம் நிலக்கரி எரிந்தது. தாஜ்மகாலைக் காக்கும் பொருட்டு 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், அப்பகுதித் தொழில்கள் கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டியதாயிற்று. பழைய உலைகள் பல அவிந்தன. அவற்றின் முன் நின்று, தீயில் முகம் கருகி, மூச்சைக் கொடுத்து ஊதியவர்களின் பெயர்களை எந்தச் சாடியும் தாங்கவில்லை. மிஞ்சி நிற்பது அவர்கள் வேலையின் அடையாளமே: ஒரு பொருத்து வரை, ஒரு பள்ளம், சிறிது பொன்மினுக்கு.

ஒரு பொருளை எவ்வாறு செய்தனர் என்பதைக் கண்ணாடி தானே கூறிவிடும். அதை எவர் வாங்கினார், எந்த ஊரில், எந்த ஆண்டு, எவருக்காக வாங்கினார் என்பதை அது கூறாது. அதை அறிந்தவர் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரே. மாற்றலுக்கு மாற்றல் ஊர்விட்டு ஊர் செல்லும் நம் குடும்பங்களில் அச்செய்தி ஒரு தலைமுறையோடு மறைந்துபோகிறது.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விழா முடிந்து வீடு சென்றதும், உங்கள் அலமாரியிலுள்ள பழைய கண்ணாடிப் பொருளை மெல்ல எடுத்து, கவிழ்த்து, அடியைப் பாருங்கள். பிறகு பெரியவரை அழைத்து விவரம் கேட்டு, ஒரு சிறு சீட்டில் எழுதி அதனுள்ளேயே போட்டு வையுங்கள். ஒரு சீட்டுக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

மீன்சாடி கபாடிக்காரரிடம் போகவில்லை. தீபாவளிக்கு அவ்வீட்டுக்குச் சென்றபோது அது சன்னலோரத்தில் இருந்தது. உள்ளே மகனின் கையெழுத்தில் ஒரு சீட்டும் இருந்தது. அதில் அவருடைய தந்தையாரின் பெயரும், ஓர் ஆண்டும், ஒரு ரயில் நிலையத்தின் பெயரும் கண்டோம்.